இடித்தவரின் இன்சூரன்ஸ் பணம் தர மறுக்கிறது, என்ன செய்யலாம்? (பினாங்கு)

ஆயர் ஈத்தாம் டீச்சர் எழுதியது:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

ஜெலுத்தோங் மார்க்கெட் பக்கத்தில், கட்டணப் பார்க்கிங் பெட்டிக்குள் ஒழுங்காக நிறுத்தி வைத்திருந்த என் காரை ஒரு பெரிய ஃபோர் வீல் ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டது. நான் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பழக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, அந்த டிரைவரைப் போகவிடாமல் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். பின் பம்பர், வலது பக்க டெயில் லைட், பூட் கதவு மூன்றும் போய்விட்டன. பூட் இப்போது கயிற்றில்தான் நிற்கிறது. பட்டறையில் 4,380 வெள்ளி கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள்.

டிரைவர் அன்றைக்கு மிகவும் மரியாதையாகப் பேசினார். "என் இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் அக்கா" என்று சொல்லி நம்பர் கொடுத்தார். அன்று மாலையே ஜாலான் பட்டாணியில் போலீஸ் ரிப்போர்ட் செய்தேன். அவரும் செய்தார். ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) இரண்டு பேரையும் விசாரித்துவிட்டு அவருக்குத்தான் சமன் கொடுத்தார்.

இதற்குப் பிறகுதான் பிரச்சினை. அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் செய்தால், "எங்கள் வாடிக்கையாளர் இன்னும் விபத்தைப் பற்றி எங்களிடம் தெரிவிக்கவில்லை" என்கிறார்கள். இன்னொரு முறை கேட்டபோது, நான் காரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன் என்று அவர் தன் ரிப்போர்ட்டில் சொல்லியிருப்பதாகவும், அதனால் கிளெயிம் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். நான் காரிலேயே இல்லை! அந்த டிரைவர் இப்போது ஃபோனை எடுப்பதே இல்லை.

பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இந்தத் தொகை எனக்குச் சின்னத் தொகை இல்லை. லாயர் வைத்தால் இதைவிட அதிகம் செலவாகும் என்று பயமாக இருக்கிறது. பணத்தை விடுங்கள், பெட்டிக்குள் நின்ற காரை இடித்துவிட்டு என் மேலேயே பழியைப் போட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

---

ரெலாவ் தம்பி:

அக்கா, அவங்க இன்சூரன்ஸ் பின்னால் ஏன் அலையணும்? உங்க சொந்த இன்சூரன்ஸில் 'நாக் ஃபார் நாக்' கிளெயிம் போடுங்க. தப்பு உங்க பக்கம் இல்லை என்றால் என்சிடி (கிளெயிம் போடாதவங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போகாது. என் மைவி காருக்கு அப்படித்தான் செய்தேன், சீக்கிரமே முடிந்துவிட்டது.

---

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

நன்றி தம்பி. ஆனால் என்னுடையது 2009 சாகா, தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான் எடுத்திருக்கிறேன். கேட்டுப் பார்த்தேன், அதற்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

---

லைட் ஸ்திரீட் குமாஸ்தா:

டீச்சர், வணக்கம். லைட் ஸ்திரீட் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விபத்துக் கோப்புகள்தான் என் மேசைக்கு வரும். உங்களைப் போல நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும், ஃபோனில் ஒருவர் "முடியாது" என்று சொன்னதை நம்பிக் கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தம்பி சொன்னதைப் பற்றி. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்கும் பாதுகாப்புத் தரும் பாலிசி, வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல வழி. இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. தப்பு இல்லாதவர் தன் கம்பெனியிலேயே வாங்கிக்கொள்ளலாம். 55 விழுக்காடு என்சிடி சேர்த்து வைத்திருப்பவர்களும் பயப்படாமல் போடலாம். தர்ட் பார்ட்டி பாலிசியில் நம் சொந்த வண்டிக்குச் சேதப் பாதுகாப்பே இல்லை என்பதால் டீச்சருக்கு அது உதவாது. இடித்தவர் பக்கம்தான் போக வேண்டும்.

இங்கேதான் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கடன்பட்டவர் அந்த டிரைவர். இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. கம்பெனிக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அவர் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதை அவருக்காகக் கட்டுகிறோம் என்று அவரிடம்தான் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மரணத்துக்கும் உடல் காயத்துக்குமான காப்புறுதியை மட்டும்தான். காயம் பட்டவர் கோர்ட்டில் ஜெயித்தால் 96-ஆவது பிரிவின்படி கம்பெனியிடமிருந்தே வசூலிக்க முடியும். வண்டிச் சேதத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் "எங்கள் வாடிக்கையாளர் தெரிவிக்கவில்லை" என்று அவர்கள் சாவகாசமாகச் சொல்கிறார்கள். அவர் வாய் திறக்காதவரை கோப்பு நகராது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே அவரை வாய் திறக்க வையுங்கள். அவருக்கு நேராக ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதுங்கள். விபத்து நடந்த நாள், இடம், வண்டி எண்கள், இரண்டு ரிப்போர்ட் எண்கள், நீங்கள் கேட்கும் தொகை, 14 நாள் கெடு, கட்டாவிட்டால் வழக்குப் போடுவேன் என்ற ஒரு வரி. அவ்வளவு போதும், திட்ட வேண்டாம். ஏ.ஆர். அட்டையோடு (கடிதம் கிடைத்ததற்குக் கையெழுத்தாகித் திரும்பி வரும் அட்டை) ரெஜிஸ்டர் போஸ்ட்டில் அனுப்புங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு நகல். கையில் இப்படி ஒரு கடிதம் வந்த பிறகுதான் பலர் அவசர அவசரமாகத் தங்கள் கம்பெனிக்கு ஓடி ஃபார்ம் நிரப்புவார்கள். என் அனுபவத்தில் பாதிக் கோப்புகள் இந்தக் கட்டத்திலேயே நகரத் தொடங்கும்.

அதே சமயம் ஜாலான் பட்டாணிக்குப் போய் அவருடைய ரிப்போர்ட்டின் நகல், ராஜா காசார் (விபத்து இடத்தின் வரைபடம்), அதன் விளக்கக் குறிப்பு, போலீஸ் எடுத்த படங்கள், விசாரணை முடிவு எல்லாவற்றையும் கட்டணம் கட்டிக் கேட்டு வாங்குங்கள். இது மிகவும் முக்கியம். உங்கள் கார் நகர்ந்துகொண்டிருந்தது என்று அவர் சொல்கிறார் இல்லையா? கார் பெட்டிக்குள் நேராக நின்றதா என்பது வரைபடத்திலும் படங்களிலும் தெரிந்துவிடும். பழக்கடைக்காரரிடமும் இப்போதே பேசி வையுங்கள். நாளாக நாளாகப் பார்த்தவர்களுக்கே ஞாபகம் மங்கிவிடும்.

சமன் வந்தது உங்களுக்குச் சாதகம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். போலீஸ் முடிவு சிவில் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. மாஜிஸ்திரேட் தானாகச் சாட்சியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

அடுத்து, கம்பெனி மறுப்பதை எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் சொன்ன மறுப்பை வைத்து எங்கேயும் போக முடியாது. அவர்களுடைய புகார்ப் பிரிவுக்கு ஈமெயில் அனுப்பி, மறுப்புக்கான காரணத்தைக் கேளுங்கள். மறுப்புக் கடிதம் வந்தாலும் சரி, 60 நாளாகியும் பதில் வராவிட்டாலும் சரி, நிதிச் சந்தை ஆம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். எஃப்எம்ஓஎஸ் என்பார்கள். முன்பு இன்சூரன்ஸ், வங்கிப் புகார்களைப் பார்த்த ஓஎஃப்எஸ்ஸும் பங்குச் சந்தைப் புகார்களைப் பார்த்த சிட்ரெக்கும் சேர்ந்து 2025 ஜனவரியிலிருந்து இப்படி ஆகியிருக்கிறது. நமக்குக் கட்டணம் கிடையாது. மூன்றாம் தரப்பு வண்டிச் சேதத்துக்குத் தனி வரம்பு உண்டு, ஓஎஃப்எஸ் காலத்தில் 10,000 வெள்ளி. உங்கள் தொகை அதற்குள்தான் இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது அவர்கள் எடுக்க மாட்டார்கள், அதனால் எது முதலில் என்று யோசித்துச் செய்யுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் தொகைக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு கோரிக்கை வழக்குதான் நேர்வழி. துந்துத்தான் கெச்சில் என்று கவுண்டரில் கேளுங்கள். 5,000 வெள்ளி வரைக்கும் போடலாம். 2012 நீதிமன்ற விதிகளில் 93-ஆவது கட்டளை, படிவம் 198. லாயர் வைக்கத் தேவையில்லை. வைக்கவும் முடியாது, நீங்களே பேச வேண்டும். பாலர் பள்ளிப் பிள்ளைகளைச் சமாளிப்பவருக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கோரிக்கை அவருக்குச் சேர்ப்பிக்கப்பட்ட பிறகு 14 நாளில் அவர் தற்காப்பு வாதம் தாக்கல் செய்ய வேண்டும். விசாரணை நாளில் அவர் வராமலே இருந்தால் உங்கள் பக்கம் தீர்ப்பு வாங்கலாம். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால், அந்த உரிமையாளரையும் சேர்க்கலாமா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பிறை பட்டறைக்காரன்:

ஐயா சொன்னது எல்லாம் சரி. பட்டறைப் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

டீச்சர், காரை இன்னும் செய்யவில்லை என்றால் இப்போதைக்குச் செய்யாதீர்கள். முதலில் ஒரு லைசென்ஸ் உள்ள அட்ஜஸ்டரை (சேதத்தை மதிப்பிடுபவர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி கிளெயிம்களில் நம் பக்கத்திலிருந்தே அட்ஜஸ்டர் வைப்பது சாதாரணம்தான், அவர் ஃபீஸையும் கோரிக்கையில் சேர்க்கலாம். வெறும் கொட்டேஷனை வைத்துப் போனால், "இது பழைய அடி, அது சம்பந்தமில்லாத அடி" என்று ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். அட்ஜஸ்டர் ரிப்போர்ட்டில் படத்தோடு இருந்தால் அப்படிப் பேசுவது கஷ்டம். பார்த்து முடித்த பிறகு செய்துவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பம்பரையும் லைட்டையும் தூக்கிப் போட வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவையுங்கள்.

கார் பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கும் கேட்கலாம். கார்ட் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பழுதுபார்க்க எத்தனை நாள் ஆகும் என்று அட்ஜஸ்டர் போடுகிறாரோ, அதை வைத்து ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது, கேட்பதும் இல்லை. கிராப் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. விபத்து நடந்த இடத்துக்கே இழுவை லாரியோடு வந்து, "அக்கா கையெழுத்து மட்டும் போடுங்க, கிளெயிம் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்பவர்களிடம் தயவுசெய்து எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காலியாக இருந்த அதிகாரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் பெயரில் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்றே தெரியாமல் என் பட்டறைக்கு வந்து அழுதவர்கள் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அது ரொம்ப வருத்தம்.

---

பட்டர்வொர்த் மோட்டார்:

என் கதை கொஞ்சம் வேறு. என் மோட்டாரை இடித்த காருக்கு இன்சூரன்ஸே முடிந்து போயிருந்தது. மோட்டார் காப்புறுதியாளர் பீரோ, எம்ஐபி, கொடுக்கும் என்று யாரோ சொன்னார்கள். விசாரித்தால் அது காயத்துக்கும் மரணத்துக்கும்தான், வண்டிச் சேதத்துக்கு இல்லை. எனக்கு நல்ல வேளையாக முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். அதனால் சிறு கோரிக்கை வழக்குதான் போட்டேன். அந்த ஆள் கோர்ட்டுக்கு வந்தார், மாதாமாதம் தவணையாகக் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். இரண்டு முறை தாமதமாகத்தான் கட்டினார், ஆனால் வந்து சேர்ந்தது. கவுண்டரில் இருந்த அக்கா படிவத்தை நிரப்ப ரொம்பப் பொறுமையாக உதவி செய்தார்.

---

ஆயர் ஈத்தாம் டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. ஐயா, மூன்று சந்தேகம். அவருடைய வீட்டு முகவரி எனக்குத் தெரியாதே, ஃபோன் நம்பர் மட்டும்தான் இருக்கிறது. கடிதத்தை மலாயில் எழுத வேண்டுமா? தீர்ப்பு வந்தும் அவர் கட்டவில்லை என்றால் என்ன செய்வது?

---

லைட் ஸ்திரீட் குமாஸ்தா:

முகவரிக்கு முதலில் அவருடைய போலீஸ் ரிப்போர்ட் நகலைப் பாருங்கள். அதில் சரியாக இல்லை என்றால் வண்டி எண்ணை வைத்து ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) தேடல் போடுவது உண்டு, பதிவு உரிமையாளர் விவரம் அதில் வரும்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். பின்னால் கோர்ட்டில் காட்டும்போது மொழிபெயர்க்கச் சொல்ல மாட்டார்கள். எழுத உதவி வேண்டுமென்றால் கிரீன்லேனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். தமிழிலேயே பேசலாம்.

தீர்ப்பு வந்தும் கட்டாவிட்டால், ஏன் கட்டவில்லை என்று காரணம் சொல்ல அவரை மறுபடி கோர்ட்டுக்கு வரவழைக்கலாம். அவருடைய பொருளைப் பறிமுதல் செய்து ஏலம் விடவும் உத்தரவு கேட்கலாம். ஃபோர் வீல் வைத்திருப்பவர் அதுவரை விடமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் தன் இன்சூரன்ஸைத் தேடிப் போய்விடுவார்.

காலத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். 1953 காலவரம்புச் சட்டப்படி இந்த மாதிரி வழக்குக்கு விபத்து நடந்த நாளிலிருந்து 6 வருடம் இருக்கிறது. ஆனால் பழக்கடைக்காரரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் என்ன பார்த்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். கோர்ட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்கள். கடிதத்தை எழுதிவிட்டு இங்கே போடுங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன். பெயரையும் ஐசி எண்ணையும் மட்டும் மறைத்துவிடுங்கள்.