கல்லடி வாவிக்கரை சிக்னல் அளவீடு: உதவி வேண்டும்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். ஒலுவில் பொறியியல் பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்த தலைமுறை மொபைல் வலையமைப்பான 6ஜிக்கு ஜெனரேட்டிவ் ஏஐ (புதிய தரவை உருவாக்கும் ஏஐ) எப்படி உதவும் என்பதுதான் என் ப்ராஜெக்ட்.

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் டவரிலிருந்து நேரே வரும் அலையோடு வாவித் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் சேர்கிறது. ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்து பலமாகும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். எல்லா இடத்திலும் நின்று அளக்க முடியாது. அதனால் கொஞ்ச அளவீட்டை வைத்து ஒரு டிஃப்யூஷன் மாடலை (இரைச்சலிலிருந்து படிப்படியாகப் புதுத் தரவை உருவாக்கும் ஏஐ மாடல்) பழக்கி, மீதியை அதைக் கொண்டே உருவாக்கப் பார்க்கிறேன். ரேடியோ அலை பரவுவதைக் கணினியில் பாவனை செய்யும் சியோனா மென்பொருளில் எடுத்த செயற்கைத் தரவு கையில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் கொடுத்தால் மாடல் நம் வாவியைக் கற்காது, அதுதான் என் கவலை.

கல்லடி, நாவலடிப் பக்கம் இருப்பவர்கள் ஆண்ட்ராய்ட் போனில் ஆர்எஸ்ஆர்பி (டவர் சிக்னல் போனுக்கு எவ்வளவு பலமாக வருகிறது என்ற) அளவைப் பதிந்து தர முடியுமா? கரையோரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். அப்புறம், இப்படி மாடல் பழக்கியவர்கள் யாராவது இருந்தால், குறைந்தது எத்தனை அளவீடு தேவைப்பட்டது என்று சொல்லுங்கள்.