இணைப்பு நாற்பதுதான், கோரிக்கை மட்டும் லட்சக்கணக்கில்: எப்படி?

கேள்வி (இரவுப்பணி):
மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். முன்னால் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் அனுப்பும் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் 1.22, எச்டிடிபி/2-இல் ஓடுகிறது; பின்னால் எங்கள் ஆப் சர்வர். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம். போய்ப் பார்த்தால் பிராசஸரின் எட்டு கோரும் 100 சதவீதத்தில் நிற்கின்றன. இணைப்புகளை எண்ணினேன், மொத்தமே நாற்பது சொச்சம். ஆனால் ஆக்சஸ் லாக் (வந்த கோரிக்கைகளின் பதிவு) ஓடுகிற வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. நிறுத்திப் படித்தால் வரிக்கு வரி ஸ்டேட்டஸ் 499, அனுப்பிய பைட் 0.

ஒரு இணைப்பில் ஒரே நேரத்தில் 128 ஸ்ட்ரீம்தான் (ஒரு கோரிக்கைக்கு ஒரு ஸ்ட்ரீம்) என்று வரம்பு இருக்கிறதே, அது ஏன் தடுக்கவில்லை?

பதில் (சுவர்):
ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பவிடும் எச்டிடிபி/2-வை அணைத்துவிட்டு, பழைய 1.1-இல் ஓட்டுங்கள். இன்றைக்குத் தூங்கலாம்.

பதில் (பழைய பாக்கெட்):
அணைப்பது இந்த ஒரு ராத்திரிக்குச் சரி. ஆனால் காரணம் தெரிய வேண்டும், ஏனென்றால் துப்பு உங்கள் லாகிலேயே இருக்கிறது. 499 என்றால் சர்வர் பதில் தருவதற்குள் கிளையன்ட் விலகிவிட்டது என்று பொருள். இங்கே உங்களைத் தாக்குபவர்கள் வேண்டுமென்றே விலகுகிறார்கள். கோரிக்கையைத் தொடங்கும் ஹெடர்ஸ் ஃபிரேம் வருகிறது, அதன் வாலைப் பிடித்தபடியே அதை ரத்து செய்யும் ஆர்எஸ்டி ஸ்ட்ரீம் ஃபிரேமும் வருகிறது. ரத்தான ஸ்ட்ரீம் கணக்கிலிருந்து இறங்கிவிடும். இதை நெறிமுறையே அனுமதிக்கிறது. அதனால் உங்கள் 128 ஒருபோதும் நிரம்பாது. ஆனால் ஹெடரைப் பிரித்த வேலையும் பின்னால் அனுப்பிய கோரிக்கையும் நடந்தது நடந்ததுதான்.

ரேபிட் ரீசெட் என்ற தாக்குதல் இதுதான், பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2023-44487. 2023 அக்டோபர் 10 அன்று கூகுள், கிளவுட்ஃபிளேர், அமேசான் மூன்றும் சேர்ந்து இதன் விவரத்தை வெளியிட்டன. கூகுள் கண்ட உச்சம் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கை. கிளவுட்ஃபிளேர் கண்டது 20.1 கோடி, அதற்குப் பின்னால் இருந்ததோ சுமார் 20,000 இயந்திரங்கள்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த 20,000-தான்.

சரி, ஒரு இணைப்பில் மொத்தம் எத்தனை கோரிக்கை வரலாம் என்று சொல்லும் உங்கள் 'கீப்அலைவ் ரெக்வஸ்ட்ஸ்' மதிப்பு என்ன? இயல்பு மதிப்பு 1000. அத்தனை கோரிக்கை முடிந்ததும் என்ஜின்எக்ஸ் இணைப்பை மூடிவிடும். தாக்குபவர்கள் டிஎல்எஸ் கைகுலுக்கலை (மறைகுறியாக்கிய இணைப்பை அமைக்கும் பரிமாற்றத்தை) முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரவுப்பணி:
பார்த்துவிட்டேன். 1,00,000. போன வருடம் வேகத்துக்காக நானே ஏற்றி வைத்தது.

பழைய பாக்கெட்:
கதவு அங்கேதான் திறந்திருக்கிறது. 1000-க்கு இறக்குங்கள். அப்புறம் கோரிக்கைகளின் வேகத்துக்கு வரம்பு வைக்கும் 'லிமிட் ரெக்' போடுங்கள். அது ஒவ்வொரு ஸ்ட்ரீமையும் தனிக் கோரிக்கையாக எண்ணும். ஒரே நேர எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் 'லிமிட் கான்' மட்டும் இதற்குப் போதாது, ரத்தானதும் அதன் எண்ணிக்கையும் இறங்கிவிடும். கையோடு என்ஜின்எக்ஸ் 1.25.3-க்கோ அதற்கு மேலோ போய்விடுங்கள், முறைதவறும் எச்டிடிபி/2 கிளையன்ட்டுகளை இன்னும் நன்றாகக் கண்டுபிடிக்கும் மாற்றம் அதில் வந்தது.

இரவுப்பணி:
முதல் இரண்டையும் செய்து நாற்பது நிமிடமாகிறது. நான்கு கோர் இறங்கிவிட்டது, மீதி நான்கு இறங்கவில்லை. டேட்டாபேஸைத் திறந்தால் ரத்தான கோரிக்கைகளுக்காக ஆப் கேட்ட குவெரிகள் (தேடல்கள்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்ஜின்எக்ஸ் இணைப்பை விட்டதை எங்கள் ஆப் கவனிக்கவே இல்லை. குவெரிக்கு டைம்அவுட்டே வைத்ததில்லை, இப்போது 5 நொடி வைக்கிறேன்.