பழங்கட்டடப் பாதுகாப்பில் முதுகலை: தில்லியா, அமெரிக்காவா?

வளவுவாசி:
கட்டடக்கலை இளங்கலை (பி.ஆர்க்.) முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நெல்லை டவுனில் பல வீடுகள் சேர்ந்த எங்கள் பழைய வளவில், வீட்டின் முன்பகுதியான தார்சாவின் சுவரில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்தபோது ஒப்பந்தக்காரர் சிமெண்ட் பூசிக் கொடுத்தார். இரண்டே மழைக்காலத்தில் அந்தப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது, பின்னாலிருந்த செங்கலோ விரல் பட்டாலே மாவாகக் கொட்டியது. ஐந்தாண்டுப் படிப்பில் இதற்கு விடை கிடைக்காததால் பழங்கட்டடப் பாதுகாப்பு படிக்க விரும்புகிறேன். தில்லிக்குப் போவதா, கடன் வாங்கியாவது அமெரிக்காவுக்குப் போவதா?

பொருநைக்கரை:
தில்லி, போபால் ஆகிய இரு திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் இதற்கெனக் கட்டடக்கலை முதுகலை (எம்.ஆர்க்.) இருக்கிறது; கேட் (GATE) என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1964-லேயே இப்படிப்பைத் தொடங்கியது, அதன் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் அங்கே அவர்களுடைய 1966-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுற்றித்தான் பாடம் நகரும். நீங்கள் ஊர் திரும்பினால், மத்தியத் தொல்லியல் துறையின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தோடும் கோயில்களுக்கான 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தோடும்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உங்கள் வளவு இவை எதிலும் அடங்காது என்பது தனிக்கதை.

காரைக்கொத்து:
அண்ணாச்சி, எது பிடிக்கிறது என்பதை முதலில் தெளிந்துகொள்ளுங்கள். நம் மாவட்டத்துத் திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் ஏறிப் பாருங்கள்: சுவரில் ஓவியம், தூணிலும் உத்திரத்திலும் மரச்சிற்பம். அந்த வண்ணத்தைக் காப்பது வேதியியல் அறிந்தவரின் வேலை. அதற்கு நொய்டாவில் உள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தின் படிப்பே பொருந்தும். கட்டடம்தான் வேண்டும் என்றால் எம்.ஆர்க்.

உங்கள் சுவர் விஷயம் இதுதான்: சுண்ணாம்பு, சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு செங்கலுக்குள் படிகமாகி அதை உடைக்கிறது. இதைப் பாதுகாப்புப் படிப்பு உள்ள எந்தக் கல்லூரியிலும் படிக்கலாம். ஆனால் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, கடுக்காயும் கருப்பட்டியும் கரைத்த நீரை எந்தப் பதத்தில் சேர்ப்பது என்பதைக் கரண்டி பிடித்த கைதான் சொல்லித்தரும். என் தந்தையார் காரையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். விழாமல் ஒட்டி நின்றால்தான் பூசுவார்.

வளவுவாசி:
இருவருக்கும் நன்றி. கேட் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். அதுவரை சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுத் தார்சாச் சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு பூச நினைக்கிறேன். தந்தையார் இன்னும் வேலைக்கு வருகிறாரா?