பி.காம். சி.ஏ. கடைசி வருஷம், ஒரு அரியர்: எம்.காம். சேர முடியுமா? ஆடிட்டர் படிப்புக்கு நேரடியாப் போகலாமா?

அவிநாசி_ரோடு:
வணக்கமுங்க. திருப்பூர்ல பி.காம். சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன். சி.ஏ.ன்னா இங்கே கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்தானுங்க. முக்கியப் பாடமும் துணைப் பாடமும் வர்ற பகுதி 3 மட்டும் பார்த்தா 61 விழுக்காடு. தமிழ், இங்கிலீஷ் எல்லாம் சேர்த்து 5 செமஸ்டருக்கு 2900க்கு 1580. ஆறாவது செமஸ்டர் 600 மார்க். நாலாவது செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் நிக்குது: இன்டர்னல் 19, எக்ஸ்டர்னல் 23. மொத்தம் 42 வந்தும் ஏன் பெயில்னு புரியலைங்க. இந்த மார்க்குக்கு எம்.காம். கிடைக்குமா? முதல் படியான ஃபவுண்டேஷன் எழுதாம ஆடிட்டர் படிப்புல நேரா ரெண்டாவது படியான இன்டருக்குப் போகலாம்ங்கறாங்களே, அது எனக்குப் பொருந்துமா? ஒரு பனியன் கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல வேலையும் வருது.

ஈரோடு_வணிகவியல்:
தம்பி, பெயிலானதுக்குக் காரணம் எக்ஸ்டர்னல். மொத்தத்துல 40 எடுத்தாப் போதாது, 75க்கு நடக்குற பல்கலைத் தேர்வுலயும் 40 விழுக்காடு, அதாவது 30 மார்க் தனியா வேணும். உங்களுக்கு 7 குறையுது. காஸ்ட் பேப்பர்ல இந்த 7 மார்க் பெரும்பாலும் போறது புராசஸ் காஸ்டிங்லயும் ரீகன்சிலியேஷன்லயும்தான். விடை தப்பானாலும் வொர்க்கிங் நோட் எழுதியிருந்தா படிக்குப் படி மார்க் உண்டு, அதைக் காட்டாம விட்டுடாதீங்க.

எம்.காம். சேர பி.காம்.ல உள்ள வகையெல்லாம் செல்லும். பி.காம்.க்குப் பின்னாடி சி.ஏ., பி.ஏ. (புரொஃபஷனல் அக்கவுண்டிங்), ஐ.டி. எதுனாலும் சரி. ஆனா அரியரோட சேர்க்க மாட்டாங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி 5 செமஸ்டர் மார்க் ஷீட்டை வெச்சு விண்ணப்பம் போடலாம். சேரும்போது எல்லாத் தாளும் பாஸ் ஆகி, புரொவிஷனல் சர்ட்டிபிகேட் கையில இருக்கோணும். சில தன்னாட்சிக் கல்லூரிகள்ல ஒரே ஒரு தாள் நிக்கிற கடைசி வருஷப் பசங்களுக்கு உடனடித் துணைத்தேர்வு உண்டு. உங்க கல்லூரித் தேர்வுப் பிரிவுல இப்பவே கேட்டு வெச்சுக்குங்க, ரிசல்ட் வந்தப்புறம் கேட்டா தேதி போயிருக்கும்.

அரசுக் கல்லூரிக்கு டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ.ங்கற அரசுக் கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைத் தளத்துல விண்ணப்பிக்கோணும். தரவரிசைக்குப் பகுதி 3 மார்க்தான் அடிப்படை, உங்க 61 அங்கே உதவும். அப்புறம் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுப்படி இடம் பிரியும்: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. சாதிச் சான்றுல பேரோ இனிஷியலோ மார்க் ஷீட்டோட ஒத்துப்போகலைன்னா கலந்தாய்வு அன்னிக்கு நிறுத்தி வெச்சிருவாங்க. அதை இ-சேவையில முன்னமே சரி பண்ணிடுங்க. சேலம் பெரியார் பல்கலைப் பக்கம் போறதா இருந்தா மைக்ரேஷன் சர்ட்டிபிகேட்டும் கேப்பாங்க, வேற பல்கலைக்கழகம் இல்லீங்களா.

பொள்ளாச்சி_தணிக்கை:
ஆடிட்டர் பக்கத்தை நான் சொல்றேன். ஆடிட்டர் படிப்பை நடத்துற ஐ.சி.ஏ.ஐ.யோட நேரடி வழியில வணிகவியல் பட்டதாரிக்கு 55 விழுக்காடு, மத்தவங்களுக்கு 60. வணிகவியல்னு எடுத்துக்க, அக்கவுண்டிங், ஆடிட்டிங், கம்பெனி சட்டம், வரி, காஸ்டிங், பொருளாதாரம், மேனேஜ்மென்ட் மாதிரியான பாடங்கள்ல 100 மார்க் தாள் மூணாவது படிச்சிருக்கோணும். பி.காம். சி.ஏ.வுல அது தாராளமா இருக்குது, பயமில்லை.

பலரும் ஏமாறுறது விழுக்காட்டுலதான். இங்கே பார்க்குறது பகுதி 3 இல்லை, மொத்த மார்க். பாஸானாப் போதும், கூட எடுத்த மார்க்குக்கு மதிப்பில்லைன்னு பல்கலைக்கழகம் வெச்சிருக்கிற தாளை மட்டும் கழிச்சுருவாங்க. அரையும் அதுக்கு மேலயும் வர்ற பின்னம் அடுத்த முழு எண்ணாயிரும், அதனால 54.5 வந்தா 55ன்னு கணக்கு.

உங்க 2900லயும் 600லயும் அப்படிக் கழியுற தாள் இல்லைன்னு வெச்சுப் பார்க்கலாம். மொத்தம் 3500. அதுல 54.5ங்கறது 1907.5, ஆக 1908 வேணும். இப்ப 1580 இருக்குது, ஆறாவது செமஸ்டர்ல 328 எடுக்கோணும். காஸ்ட் அரியர்ல 23ஐ 45 ஆக்கினா 22 கூடும், அப்ப 306 போதும். ரவுண்டிங்கை நம்பாம முழு 55 வேணும்னா 1925. அரியரைச் சேர்த்து 323 எடுத்தா வந்துரும். அதனால அந்த அரியரைச் சும்மா பாஸ் ஆக எழுதாதீங்க தம்பி, மார்க் எடுக்க எழுதுங்க.

கடைசி வருஷத்துலயே தற்காலிகமா இன்டருக்குப் பதிவு பண்ணலாம். கடைசித் தேர்வு எழுதின 6 மாசத்துக்குள்ள பட்டத்தையும் விழுக்காட்டையும் காட்டோணும். காட்டலைன்னா பதிவு ரத்து, கட்டின பணமும் திரும்பாது, படிச்ச காலமும் கணக்குல வராது. ஓரத்துல நிக்கிற உங்களை மாதிரி ஆளுங்க ரிசல்ட் பார்த்துட்டுப் பதியறதே மேல். பதிஞ்சப்புறம் 8 மாசம் படிப்புக் காலம். 6 தாள், 2 குரூப். தாளுக்கு 40, குரூப் மொத்தத்துல 50 விழுக்காடு. ரெண்டு குரூப்பும் தேறினாத்தான் 2 வருஷ ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர்கிட்ட பயிற்சி.

பி.காம்.ல 55 தவறினா கதவு சாத்திப்போச்சுன்னு நினைக்காதீங்க. அந்த விதி வணிகவியல் முதுகலைக்கும் சேர்த்தே இருக்குது, எம்.காம்.ல 55 எடுத்தும் வரலாம்.

சென்னிமலை_நூல்:
வேலையும் பார்க்கறதா இருந்தா இதையும் யோசிங்க. ரெகுலர் எம்.காம். 2 வருஷம், 4 செமஸ்டர், 75 விழுக்காடு வருகை. முதுகலையில பாஸ் 50. எக்ஸ்டர்னல் 75க்கு இருக்கிற கல்லூரிகள்ல அதுலயே 38 வேணும். இளங்கலைல 30ஐத் தொட்டுத் தப்பிச்சவங்க முதல் செமஸ்டர்லயே இதுல மாட்டறாங்க. பகல்ல ஷிப்மென்ட் பில் போட்டுட்டு இது நடக்காதுங்க, அஞ்சல் வழிதான் பொருந்தும். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருந்தா அஞ்சல் வழிப் பட்டமும் ரெகுலருக்குச் சமம். ஆனா அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக் கிடையாது, படிப்புக்குப் படிப்பு, வருஷத்துக்கு வருஷம் பார்க்கோணும். நீங்க சேர்ற வருஷத்துப் பட்டியல்ல எம்.காம். பேர் இருக்குதான்னு யு.ஜி.சி. தளத்துல பார்த்துட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

கோபி_அம்மிணி:
இதுலயே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. நான் பி.பி.ஏ. எம்.காம். சேர்ந்தா பின்னாடி வாத்தியார் வேலைக்கு ஆகுமா?

ஈரோடு_வணிகவியல்:
சேர இடம் கொடுக்கிற கல்லூரிகள் இருக்குதும்மா, அறிவிப்புல உங்க பட்டத்தோட பேர் இருக்குதான்னு பாருங்க. கல்லூரி வேலைக்கு எம்.காம்.ல 55, அதோட நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50 போதும், பி.சி., எம்.பி.சி.ன்னா நெட்டுக்கு கிரீமி லேயர்ல (வசதியான பிரிவுல) வராம இருக்கோணும். மேல்நிலைப் பள்ளி வேலைதான் சிக்கல். முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு பி.எட். தவிர, இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா இருக்கோணும், இல்லைன்னா உங்க பட்டம் அந்தப் பாடப் பட்டத்துக்குச் சமம்னு சொல்ற இணைத்தன்மை அரசாணை காட்டோணும். பள்ளி வேலைதான் குறின்னா அந்த அரசாணை இருக்குதான்னு பார்க்காம எம்.காம். சேராதீங்க. அவிநாசி_ரோடு தம்பிக்கும் இது பொருந்தும், பட்டத்துல ‘கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்’னு ஒட்டு இருக்குதுல்ல.

அவிநாசி_ரோடு:
ரொம்ப நன்றிங்க. அரியருக்கு அடுத்து வர்ற தேர்வுக்கே ஃபீஸ் கட்டிடறேன். துணைத்தேர்வு பத்தி நாளைக்குத் தேர்வுப் பிரிவுல கேக்கறேனுங்க.