அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்: தயிர் சாப்பிட்டால் மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்). இப்போது நோய் அடங்கியிருக்கிறது, மெசலமைன் (குடல் அழற்சியைக் குறைக்கும் மாத்திரை) தொடர்கிறது. தயிர், பழைய சோறு, இட்லி எனப் புளித்தவற்றைக் கூட்டினால் மாத்திரையைக் குறைக்கலாமா?

பதில் 1:
குறைக்காதீர்கள். ஆய்வுகளில் பலன் தந்தவை குறிப்பிட்ட பாக்டீரியா ரகங்கள், குறிப்பிட்ட அளவில். 2004-இல் வெளியான ஆய்வில் 327 நோயாளிகள், 12 மாதம்: ஈ.கோலை நிஸ்லே 1917 என்ற நன்மை தரும் பாக்டீரியா ரகம் தினமும் 200 மி.கி., எதிரே மெசலமைன் 1500 மி.கி. நோய் திரும்பாமல் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். வீட்டுத் தயிரில் அந்த ரகம் கிடையாது. இன்னொரு குடல் அழற்சி நோயான க்ரோன் நோய்க்கு இந்த அளவு ஆதாரமும் இல்லை.

பதில் 2:
இட்லி நல்ல உணவுதான், ஆனால் ஆவியில் வெந்ததும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். தயிருக்குப் பாலை நன்றாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறை ஊற்றுங்கள். 8 மணி நேரம் உறைந்தால் லாக்டோஸ் (பால் சர்க்கரை) ஓரளவு குறையும். நாளுக்கு 50 மி.லி.யில் தொடங்குங்கள். வெறும் உப்புசம் என்றால் லாக்டோஸ் காரணமாக இருக்கலாம். ரத்தமோ சளியோ போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள், மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்க்கச் சொல்வார்.

பதில் 3:
அசத்தியோப்ரின், இன்ஃப்ளிக்ஸிமாப், ஸ்டீராய்டு போன்ற, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவரானால் காய்ச்சாத பாலில் செய்த எதுவும் வேண்டாம். புரோபயாட்டிக் (நன்மை தரும் நுண்ணுயிர்) காப்ஸ்யூலும் மருத்துவரைக் கேட்டுத்தான். பழைய சோற்றிலும் கவனம் தேவை: வெளியே வைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளரலாம், அது உண்டாக்கும், வாந்தி வரவைக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.