மூன்றாவது பகுதி முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினேன்

ஈசூன்காரன்:
நான்கு மாதம் ஆகிறது, இன்னும் நினைத்தால் காது சூடாகிறது. ஆபீஸில் ஒருவர் போக முடியாமல் கொடுத்த டிக்கெட். எஸ்பிளனேட் அரங்கு, சிங்கப்பூர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி, மொத்தம் நாலு பகுதி. அதில் மூன்றாவது பகுதி எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும், டிரம்மும் டிரம்பெட்டும் சேர்ந்து அடித்து நொறுக்கிவிடும். கச்சேரியே முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினேன். மாடியிலும் நாலைந்து பேர் தட்டினார்கள், ஆனால் எழுந்து நின்றது நான் ஒருவன்தான். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் திரும்பவே இல்லை. பக்கத்துச் சீட்டுச் சீனப் பாட்டி என் சட்டை நுனியைப் பிடித்து, பஸ்ஸில் பேரனை உட்கார வைப்பதுபோல மெல்ல இழுத்தார். அப்புறம் வந்த நாலாவது பகுதி அழுதுகொண்டே போய் செல்லோவிலும் டபுள் பேஸிலும் அடங்கும், அதில் ஒரு சுரம்கூட என் மண்டையில் ஏறவில்லை.

பழைய ரசிகர்:
தம்பி, நீங்கள் செய்தது தப்பே இல்லை. 1979-இல் இந்த ஆர்கெஸ்ட்ரா ஆரம்பித்ததிலிருந்து கேட்கிறேன், அந்த இடத்தில் யாராவது தட்டத்தான் செய்வார்கள். 1813-இல் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனியை முதன்முதலில் வாசித்தபோது, ஜனங்கள் கேட்டார்கள் என்று இரண்டாவது பகுதியையே திரும்ப வாசித்தார்கள். உம்மென்று உட்காரும் வழக்கமெல்லாம் பிறகு வந்தது. நம் சபாவில் தனி ஆவர்த்தனம் முடிந்து யாரும் தட்டாவிட்டால் மிருதங்கக்காரர் என்ன நினைப்பார்?

வயலின் அம்மா:
அண்ணே, சபாவை இதோடு சேர்க்காதீர்கள். என் மகள் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறாள், நடுவில் தட்டினால் கவனம் போய்விடுகிறது என்கிறாள். என்னுடையது வேறு கதை. திருவாரூரிலிருந்து வந்த மாமியாரை விக்டோரியா கச்சேரி ஹாலுக்குக் கூட்டிப்போனேன், முழங்கால் வலி, வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். சுருதி சேர்க்க ஓபோ என்கிற ஊதுகுழல் ஒற்றைச் சுரம் பிடித்து நீட்டியதும் என் கையைப் பிடித்து, "ஒத்து ஊதுறாங்கடி!" என்றார், சத்தமாக. முன்வரிசை மொத்தமும் திரும்பியது. எனக்கு வெட்கம். ஆனால் ஓபோவும், நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் நம் ஒத்து மாதிரியே சீவாளி வைத்து ஊதுவதுதான், அது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை.

புக்கிட் பாத்தோக் ரவி:
நான் பூங்காவில் நடக்கும் இலவசக் கச்சேரிக்குப் போனேன், மழை வந்தது, திரும்பிவிட்டேன். புதிதாகப் போகிறவர்கள் கவனிக்கவும். ஏசி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகப் போனால் இடைவெளி வரும்வரை வெளியேதான் நிற்க வேண்டும், அதனால் கால் மணி முன்னாலேயே போய்விடுங்கள். இருமல் மிட்டாய் என்றால் காகிதத்தை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள். எத்தனை பகுதி என்று நிகழ்ச்சித் தாளில் இருக்கும், விரல் விட்டு எண்ணுங்கள். அப்போதும் சந்தேகம் இருந்தால் கண்டக்டர் கையை இறக்கி நம் பக்கம் திரும்பும்வரை சும்மா இருங்கள்.

ஈசூன்காரன்:
ரவி, யோசனை யார் கேட்டது? ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் எழுந்து நிற்கும்வரை, அந்தப் பகுதி முழுக்க, பாட்டியின் செருப்புக் காலும் தரையில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.