குளோயோசெபலா: கோரைக்காளானா, பசைத்தலையா?

நண்பர்களுக்கு வணக்கம். குளோயோசெபலா (Gloiocephala) என்ற சின்னஞ்சிறு காளான் பேரினத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஈரநிலச் செடிகளில் முளைப்பதால் ‘கோரைக்காளான்’ என்றே வைத்துவிடலாமே?

கேட்க இனிமையான பெயர்தான். ஆனால் பேரினம் முழுவதற்கும் அது பொருந்தாது. 1892இல் பூஞ்சையியல் அறிஞர் ஜார்ஜ் மாசி (Massee) இந்தப் பேரினத்தை வகுத்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்ட சிற்றினத்தின் பெயர் ‘எபிபில்லா’, அதாவது இலைமேல் வளர்வது. வெப்பமண்டலத்தில் இதன் உறவினர் பலவும் உதிர்ந்த இலைகளிலும் குச்சிகளிலும்தான் முளைக்கின்றன. அவற்றைக் கோரைக்காளான் என்றால் படிக்கிற மாணவர் கோரையைத் தேடி அலைவார்.

ஈரநிலக் கிளையை விட்டுவிடச் சொல்லவில்லை. எனக்கு இந்தப் பேரினத்தில் ஆர்வம் வந்ததே அதனால்தான். ஐரோப்பாவில் ‘காரிசிஸ்’ என்ற சிற்றினம் கோரைக் குடும்பச் செடிகளின் மட்கிய தாள்களில் வளர்கிறது. ‘மெனியேரி’யும் சதுப்புச் செடிகளை நம்பியதே. எல்லாவற்றையும் விட வியப்பானது அர்ஜென்டினாவின் ‘அக்வாட்டிகா’. 1995இல் விவரிக்கப்பட்ட இது, குளிர்ந்த நீரில் நிற்கும் உயரமான கோரையின் செத்த தண்டுகளில், தண்ணீருக்கு அடியிலேயே குடை விரிக்கிறது! குடை என்றாலும் சில மில்லிமீட்டர்தான். இந்தப் பேரினத்தில் பலவற்றுக்குக் குடைக்கு அடியில் செவுள் மடிப்புகளே இருக்காது, இருந்தாலும் வெறும் நரம்பு போலத் தெரியும்.

சரி, பெயருக்கு வருவோம். கிரேக்க மூலத்தில் இருப்பது ‘பிசுபிசுப்பு’, ‘தலை’ என்ற இரண்டு சொற்கள். அதனால் என் பரிந்துரை பசைத்தலை. ‘பிசின்தலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பிசின் என்றதும் மரத்தில் வடிவதுதான் நினைவுக்கு வரும், அது இங்கே தவறான பொருள் தரும்.

பேரினப் பெயர் தனியே வரும்போது ‘பசைத்தலை ஆம்பி’ எனலாம். காளானைக் குறிக்கும் ‘ஆம்பி’ என்ற பழஞ்சொல் நமக்குப் புதிதல்ல. சமைக்க மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததைப் புறநானூறு பாடுகிறது. ‘பூஞ்சை’ வேண்டாம். ரொட்டியில் படர்வதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம்.

இதில் இன்னொரு வசதி, சிற்றினப் பெயர்கள் தாமாகவே அமைந்துவிடுகின்றன: எபிபில்லா இலைப் பசைத்தலை, காரிசிஸ் கோரைப் பசைத்தலை, அக்வாட்டிகா நீர்ப் பசைத்தலை. ‘கோரை’யை விரும்பியவர்களுக்கும் அதற்குரிய இடம் கிடைத்துவிடுகிறது.

மெனியேரி ஆள்பெயரிலிருந்து வந்தது. அதை மொழிபெயர்க்காமல் ‘மெனியே பசைத்தலை’ என்றே வைக்கலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக ‘ஆம்பி’ பற்றி.